எப்படி நடந்தது என்று கேட்காதவர்கள்

தம்பி, இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நீ "சரிம்மா, சரிம்மா" என்பாய். உன் அப்பா பின்னாலிருந்து "அதைச் சொன்னியா, இதைச் சொன்னியா" என்று கத்துவார். சொல்ல வந்தது பாதியில் நின்றுவிடும். இந்த முறை பாதியில் நிற்கக் கூடாது. அதனால்தான் காலையிலேயே சமையலை முடித்து, சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு எழுத உட்கார்ந்திருக்கிறேன். எழுத்து கோணல்மாணலாக இருக்கிறதே, அம்மாவுக்குக் கை நடுங்குகிறதோ என்று பயப்படாதே. சந்தோஷத்தில் பேனா எனக்கு முன்னால் ஓடுகிறது, அவ்வளவுதான். நேற்று உன் அம்மா ஒரு காரியம் செய்துவிட்டாள். அதற்கு முன்னால் சொல்ல வேண்டியது கொஞ்சம் இருக்கிறது. உன்னிடம் வருகிறவர்களிடம் காட்டும் பொறுமையில் பாதியை எனக்குக் காட்டு, போதும்.

சனிக்கிழமை உன் அறையைத் திறக்கிறாய். இதை எழுதும்போதே எனக்குச் சிரிப்பு வருகிறது. பத்து பாகாட் டவுனில், கடைவீட்டு மாடியில், வாசலில் உன் பெயர்! மனம் உடைந்து வருகிறவர்களுக்கு என் மகன் ஒரு இடம் வைத்திருக்கிறான் என்று நம் ஊர் சாஆ மார்க்கெட்டில் மீன்காரரிடம்கூடச் சொல்லிவிட்டேன். "டாக்டரா?" என்று கேட்டார். "டாக்டர் இல்லீங்க, பேச வைக்கிறவன்" என்றேன். பிறகு யோசித்தால் அதுவும் தப்பு. நீ பேச வைக்கிறவன் இல்லை, பேசாமல் இருக்கவும் விடுகிறவன். மீன்காரரிடம் இவ்வளவையும் எப்படி விளக்குவது? ஒரு கிலோ கெம்போங் மீன் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வீடு மந்திரிப்பது போல ஃபாதர் வந்து அறையை மந்திரிக்கிறார், பெரியப்பா குடும்பம் வருகிறது, உன் பழைய ஆஸ்பத்திரி நண்பர்கள் வருகிறார்கள். இத்தனை பேரையும் விட்டுவிட்டு, அன்று விடியற்காலையில் நீ காரை எடுத்துக்கொண்டு சாஆவுக்கு வந்து, குளுவாங் வழியாகச் சுற்றி என்னை அழைத்துப் போவதாகச் சொன்னாய். நேர்வழியில் அம்மா வரமாட்டாள் என்று உனக்குத் தெரியும். உன் சொந்த விசேஷத்துக்கு நீயே பாதியில்தான் வந்து சேர்வாய் போலிருந்தது. அதை நினைத்து நான் எத்தனை நாள் மனம் புழுங்கினேன் தெரியுமா?

மறப்பதற்குள் ஒன்று சொல்லிவிடுகிறேன். உன் அறைக்குச் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் எல்லோரும் வருவார்கள், நம் ஆட்கள் பழக்கம் அது. செருப்பு அடுக்கும் தட்டை நீ படிக்கட்டில், கதவுக்கு வெளியே வைத்திருப்பதாகப் படம் அனுப்பியிருந்தாய். உடனே அதை உள்ளே வை. நம் ஊரில் செருப்பைப் பார்த்தே உள்ளே யார் இருக்கிறார்கள் என்று சொல்லிவிடுவோம். பச்சை வார் போட்ட செருப்பு என்றால் இன்னார், குதிகால் ஒரு பக்கம் தேய்ந்திருந்தால் இன்னார். நீ வாயைப் பூட்டி வைத்து என்ன பயன், வாசலில் செருப்பு ஊருக்கே சொல்லிக்கொண்டிருந்தால்? இதை உனக்கு எந்த யூனிவர்சிட்டியிலும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள்.

சரி, பழைய கதைக்கு வருகிறேன். உனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் நான் அதை எப்போதும் ஒரே மாதிரிதான் சொல்லி வந்தேன், நீயும் அப்படித்தான் கேட்டாய். உனக்கு மூன்று வயது. உன்னைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, விடிவதற்கு முன் ஃபேக்டரி பஸ் ஏறி, பத்து பாகாட்டில் சட்டை தைக்கும் ஃபேக்டரிக்கு நானும் தோட்டத்துப் பெண்களும் போய் வந்துகொண்டிருந்த காலம். அன்று நல்ல மழை. சாலையோரத்துப் பாரிட் வாய்க்கால் நிறைந்து, பால் ஊற்றாத தேயிலைத் தண்ணீர் மாதிரி கறுப்பாக நின்றது. வளைவில் பஸ் வழுக்கி அந்தத் தண்ணீரில் சாய்ந்தது. மாதா புண்ணியம், யாரும் சாகவில்லை. ஆனால் கவிழ்ந்த பக்கத்துச் சீட்டில் நான் இருந்தேன். கால் இடுக்கில் மாட்டிக்கொண்டது. தண்ணீர் முழங்காலுக்கு வந்தது, இடுப்புக்கு வந்தது, கழுத்துக்கு வந்தது.

வீட்டுக்கு வந்தபின் ஊரே விசாரிக்க வந்தது. நம் வழக்கம் உனக்குத் தெரியுமே. பிஸ்கட் டின்னோடும் ஆரஞ்சுப் பையோடும் வந்து உட்காருவார்கள், ஒரு வாய் தண்ணீர் குடிப்பார்கள், உடனே "எப்படிலா நடந்துச்சு?" என்பார்கள். சொல்லாவிட்டால் மரியாதை இல்லை. ஒருவருக்குச் சொல்லி முடிக்கும்போது அடுத்தவர் கதவைத் தட்டுவார், மறுபடியும் முதலிலிருந்து. நானும் லேசுப்பட்டவளா? கை, கண், குரல் எல்லாவற்றையும் வைத்து நடித்தே காட்டுவேன். "அன்னைக்குக் காலையில பேய் மழைங்க" என்று ஆரம்பித்தால் ஒருத்தர் எழுந்து போகமாட்டார். கழுத்து வரைக்கும் தண்ணீரைக் கொண்டுவந்து நிறுத்தி, "அப்புறம் என்ன, மாதா காப்பாத்துனாங்க" என்று முடிப்பேன். எல்லோரும் உச்சுக்கொட்டுவார்கள். வருஷக்கணக்கில் சொன்னேன், கல்யாண வீட்டில் சொன்னேன், கோயில் திருவிழாவில் சொன்னேன். இவ்வளவு வெளியே கொட்டியவளுக்கு உள்ளே என்ன மிச்சம் இருக்கும் என்று நினைத்தேன். பஸ் மட்டும் ஏறவில்லை. ஃபேக்டரியை விட்டு, நடந்து போகும் தூரத்தில் பள்ளிக்கூடக் கேண்டினில் சேர்ந்துகொண்டேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

நீ ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவில் மெடிக்கல் அசிஸ்டென்டாக வேலைக்குச் சேர்ந்த பிறகு வந்த கிறிஸ்துமஸ் ஞாபகம் இருக்கிறதா? எனக்கு அன்று நீ போட்டிருந்த சட்டை வரை ஞாபகம் இருக்கிறது. உன் அத்தை வீட்டுப் புது மருமகள் வந்திருந்தாள், கதையைக் கேட்காத காது ஒன்று கிடைத்துவிட்டதே என்று எனக்குக் குஷி. நான் ஆரம்பித்தேன், கழுத்து வரை கொண்டுபோனேன். அவர்கள் போனபின் நீ தட்டுகளை எடுத்துக்கொண்டே கேட்டாய்.

"அம்மா, ஏன் காலத் தூக்கி நாற்காலி மேல வச்சுக்கிட்டிங்க?"

"எப்படா வச்சேன்?"

"தண்ணி வருதுன்னு சொன்னப்ப. போன வருசமும் அதே எடத்துலதான் தூக்குனிங்க. சின்னப் புள்ளையிலேர்ந்து பாக்குறேன், இன்னைக்குத்தான் புரியுது."

நான் சிரித்துவிட்டு, "அலமாக், இவன் ஒருத்தன், காலைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கான்" என்று உன் தலையில் தட்டினேன். நீ சிரிக்கவில்லை. ஆஸ்பத்திரியில் விபத்தில் வருகிறவர்களுக்குக் கட்டுப் போட்டு, எலும்பைச் சேர்த்து, "எல்லாம் சரியாயிடுச்சு, வீட்டுக்குப் போலாம்" என்று நீயே எழுதிக் கொடுத்து அனுப்புவதாகவும், அவர்கள் வீட்டில் போய் எதன் மேல் காலைத் தூக்கி வைத்துக்கொள்கிறார்கள் என்று யாரும் பார்ப்பதில்லை என்றும் சொன்னாய். நான் அப்போது கேக் டின்னை மூடுவதில் குறியாக இருந்தேன்.

அடுத்த வருஷம் வேலையை விட்டுவிட்டுக் கவுன்சலிங் படிக்கப் போகிறேன் என்றாய். உன் அப்பா ஆடிய ஆட்டம் இருக்கிறதே! எண்ணெய் ஆலையில் இருபது வருஷம் கொதிகலன் பக்கத்தில் நின்ற மனுஷன், அன்றுதான் முதன்முதலாகக் கொதித்தார். "கவர்மெண்டு வேலைய விட்டுட்டு உக்காந்து பேசுற வேலையா? பேசுறதுக்கு எவன்டா காசு குடுப்பான்? உங்கம்மா ஓசியிலயே பேசுறா!" நானும் அவர் பக்கம்தான் நின்றேன், ஒளிக்க என்ன இருக்கிறது? ஜோகூர் பாருவில் சின்ன அறையில் இருந்துகொண்டு, பகலில் வேலை, மாலையில் படிப்பு என்று நீ இளைத்துப்போனபோதும், "இப்பவாச்சும் திரும்பிப் போ தம்பி" என்றுதான் சொன்னேன். நீ கோபப்படவே இல்லை. அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

பிறகு ஒருநாள் உன்னிடமே கேட்டேன், "என்னையும் ஒருக்கா பாரேன், ஊர்க்காரங்களையெல்லாம் பாக்குற." நீ முடியாது என்றாய். "நான் உங்க மகன்மா. நீங்க அழுதா நான் கவுன்சலரா இருக்க மாட்டேன், நானும் அழுவேன். குளுவாங்கில ஸ்டெல்லான்னு எனக்கு சீனியர் ஒருத்தவங்க இருக்காங்க, ரெங்கம் எஸ்டேட் பொண்ணுதான். போறதும் போகாததும் உங்க இஷ்டம்." அதோடு விட்டுவிட்டாய். நான் போனேனா இல்லையா என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. போய்விட்டு வந்து நானே தூண்டில் போட்டுப் பார்த்தேன், "ஸ்டெல்லா மிஸ் ஏதாச்சும் சொன்னாங்களா?" என்று. "எனக்கு எதுவும் தெரியாதும்மா. தெரியவும் கூடாது" என்று பேச்சை மாற்றிவிட்டாய். பெத்த அம்மா விஷயத்தில் என்ன இவ்வளவு கல்நெஞ்சு என்று அன்று இரவு உன் அப்பாவிடம் பொருமினேன். இப்போது புரிகிறது, என் கதையை நானே சொல்லட்டும் என்று எனக்காக எடுத்து வைத்திருந்தாய். இதோ சொல்கிறேன்.

முதல் நாள் நான் பட்டுச் சேலை கட்டிக்கொண்டு போனேன். நாற்காலியில் உட்கார்ந்து, தொண்டையைச் சரிசெய்துகொண்டு, "அன்னைக்குக் காலையில பேய் மழைங்க" என்று ஆரம்பித்தேன். அந்தப் பெண் மெதுவாகக் கையைக் காட்டி, "அம்மா, அந்தக் கதை இன்னைக்கு வேணாம். சொல்லணும்னு கட்டாயமே இல்ல. எந்த எடத்துல வேணாம்னு தோணுதோ, இதே மாதிரி கையத் தூக்குங்க, நான் நிறுத்திருவேன்" என்றாள். எனக்கு வந்த கோபம்! இத்தனை வருஷத்தில் என் கதையை வேண்டாம் என்று சொன்னவள் அவள் ஒருத்திதான். கதவைத் திறந்து வைக்கட்டுமா மூடட்டுமா என்று கேட்டாள், எந்த நாற்காலி வேண்டும் என்று கேட்டாள், இரவில் தூக்கம் எப்படி, மழை வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டாள். எப்படி நடந்தது என்று மட்டும் கேட்கவே இல்லை. திரும்பி வரும்போது காரில், "பேசத்தான் போனேன், பேச வேணாம்னு அனுப்பிட்டா" என்று நான் புலம்ப, உன் அப்பா, "அப்ப நல்ல பொண்ணுதான். மாசாமாசம் கூட்டிட்டுப் போறேன்" என்றார். அந்த மனுஷனுக்கு அதில் ஒரு நப்பாசை.

சில வாரங்கள் கழித்துத்தான் கதைக்குள் போனோம். அதுவும் நான் கேட்டு, என் இஷ்டப்படி, கொஞ்சம் கொஞ்சமாக. தண்ணீர் முழங்காலுக்கு வந்ததும் அவள் நிறுத்தினாள். "அம்மா, இப்ப உங்க கால் எங்க இருக்கு பாருங்க." குனிந்து பார்த்தேன். இரண்டு காலும் நாற்காலி மேல். நீ ஏதாவது சொல்லி வைத்திருந்தாயா என்று கேட்டேன். இல்லை என்று சத்தியம் செய்தாள். காலைத் தரையில் வைக்கச் சொன்னாள், தரை எப்படி இருக்கிறது என்று கேட்டாள். சில்லென்று, காய்ந்து இருந்தது. காய்ந்த தரை! அங்கே உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதேன். அவள் என்னைத் தடுக்கவும் இல்லை, தேற்றவும் இல்லை. டிஷ்யூப் பெட்டியை நகர்த்தி வைத்துவிட்டுச் சும்மா கூடவே இருந்தாள்.

அப்புறம் ஒருநாள் கேட்டாள் பார், அந்தக் கேள்வி: "கழுத்து வரைக்கும் தண்ணி வந்துச்சு. அப்புறம் யாரு உங்கள வெளிய எடுத்தா?" இத்தனை வருஷம், இத்தனை பேரிடம் சொன்னேனே, ஒரு தடவைகூட நான் தண்ணீரை விட்டு வெளியே வந்ததே இல்லை. கேட்டவர்களுக்கும் அது தேவைப்படவில்லை. பஸ் எப்படி விழுந்தது என்றுதான் எல்லோருக்கும் வேண்டும், அதற்கப்புறம் தேத்தண்ணி வந்துவிடும், பேச்சு மாறிவிடும். மெதுவாக, துண்டு துண்டாக ஞாபகம் வந்தது. பாரிட்டை ஒட்டி மலாய்க்காரர் கம்பத்தில் ஒரு வீடு, முன்னால் ரம்புத்தான் மரம். ஒரு மலாய்க்காரர் கண்ணாடியை உடைத்து என்னை இழுத்தார். அவர் மனைவி, மக்சிக் என்று மலாயில் அழைப்போமே அந்த அம்மா, என்னை வீட்டுக்குள் கொண்டுபோய், ஈரத்தை அவிழ்த்து, உலர்ந்த சாரோங் சுற்றிவிட்டு, சூடாகப் பாலில்லாத கோப்பி ஓ கொடுத்தார். தரையில் உட்கார்ந்து என் இரண்டு காலையும் மடியில் வைத்துச் சூடு வரும்வரை தேய்த்துக்கொண்டே இருந்தார். ஐயோ தம்பி, அந்த முகத்தை எப்படி நான் மறந்தேன்!

அதற்குப் பிறகு ஸ்டெல்லா மிஸ் என்னைப் பஸ் பக்கம் கொண்டுபோனாள். முதலில் குளுவாங் பஸ் நிலையத்தில் தூரமாக நின்று சும்மா பார்த்தோம், கச்சான் கடலை தின்றுகொண்டு. பிறகு நின்றிருந்த பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து இறங்கினோம். பிறகு ஒரு ஸ்டாப். எனக்குப் படபடப்பு வந்தால் ஜன்னல் வழியே தெரியும் போர்டை எல்லாம் சத்தமாகப் படிக்க வேண்டும். "டாயார், டுரியான், கெடாய் குந்திங்" என்று நான் கத்திக்கொண்டே போக, பக்கத்தில் இருந்த சீனப் பாட்டி எனக்குக் கண் தெரிகிறது என்பதை எல்லோருக்கும் நிரூபிக்கிறேன் என்று நினைத்திருப்பார். ஒருநாள் பாதியிலேயே இறங்கி அழுதேன், அதையும் மறைக்கவில்லை. மழை கொட்டினால் இன்றும் எனக்கு நெஞ்சு அடைக்கிறது. ஆனால் இப்போது அது மழை என்று எனக்குத் தெரிகிறது.

இனி நேற்றைய கதை. உன் சனிக்கிழமைக்கு ஒத்திகை பார்க்கலாம் என்று, உன் அப்பா காரில் யோங் பெங் வரை கொண்டுவிட, அங்கே தனியாகப் பத்து பாகாட் பஸ் ஏறினேன். நேர்வழி. பாரிட் வழி. "கூட வராதிங்க" என்று உன் அப்பாவிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். கூட வரவில்லை, காரை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் பின்னாலேயே வந்தார்! ஒவ்வொரு ஸ்டாப்பிலும் ஹார்ன். டிரைவர் கண்ணாடியில் பார்த்துப் பார்த்துக் கடுப்பாகிவிட்டான். நான் ஜன்னலோரச் சீட்டில் உட்கார்ந்து போர்டுகளைப் படித்துக்கொண்டு வந்தேன். கறுப்புத் தண்ணீர் கூடவே வந்தது. இன்னும் சத்தமாகப் படித்தேன். வளைவு வந்தது. ரம்புத்தான் மரம் நின்றது, தம்பி, அதே இடத்தில், பெரிய மரமாக! என் கை தானாகப் போய் மணியை அழுத்திவிட்டது. இறங்குவது என்பது யார் திட்டத்திலும் இல்லை. பின்னால் காரில் வந்தவர் நான் மயங்கிவிட்டேன் என்று நினைத்து, சாலை நடுவிலேயே காரை நிறுத்திக் கதவைத் திறந்துகொண்டு ஓடிவந்தார். "ஒண்ணும் இல்ல, காரை ஓரமா போடுங்க" என்று சொல்லிவிட்டு நான் நடந்தேன்.

வாசலில் ஒரு வயதான அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். என் மலாய் ஒடுங்கிப்போனது. பஸ், பாரிட், மழை, நான்தான், என்று மூன்று நான்கு சொல்தான் வந்தது. அவர் கண்ணைச் சுருக்கி என்னை மேலும் கீழும் பார்த்தார். பார்வை முகத்தில் நிற்கவில்லை, நேராகக் கீழே போய், என் பாதத்தில் நின்றது. "அலமாக்! காக்கி செஜுக்!" என்று கத்தினார். சில்லென்ற கால்காரி! என் பெயர் அவருக்குத் தெரியாதே, இத்தனை வருஷமாக என்னை அந்தப் பெயரில்தான் வைத்திருந்திருக்கிறார். கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனார். எப்படி நடந்தது, என்ன ஆனது, ஒன்றும் கேட்கவில்லை. "சுடா மாகான்?" என்றார். சாப்பிட்டாயா என்று மட்டும். உன் அப்பாவும் நானும் அங்கேயே சோறு, சம்பல், பொரித்த மீன் சாப்பிட்டோம். அவர் கணவர் இறந்துவிட்டாராம். அதைக் கேட்டு நான் அழ, அவர் என் முதுகைத் தட்டிக்கொடுக்க, உன் அப்பா மட்டும் தலைகுனிந்து மூன்றாம் முறை சோறு போட்டுக்கொண்டார். ஏன் தலையைத் தூக்கவில்லை என்று கேட்டால் கண்ணில் மிளகாய் பட்டுவிட்டதாம்.

உனக்குப் புத்திமதி சொல்ல எனக்கு என்ன தெரியும்? உன் வேலை உனக்குத் தெரியும். ஒன்றே ஒன்று. உன் மாடிப்படி ஏறி வருகிறவர்கள் என்னை மாதிரித் தண்ணீரிலேயே நின்றுகொண்டு பேசுவார்கள், அவசரப்படாதே. ஆனால் அவர்களை வெளியே இழுத்தது யார் என்று ஒருநாள் கேள், காலைத் தேய்த்தது யார் என்று கேள். அப்படி யாருமே இல்லை என்று சொல்கிறவர்களும் வருவார்கள். அவர்களுக்காகத்தான் உன் அறை என்று நினைக்கிறேன். மத்தியானச் சோற்றைத் தவறவிடாதே, ஒருவர் போய் அடுத்தவர் வருவதற்குள் எழுந்து முகம் கழுவு, கல்யாணப் பேச்சை எடுக்கமாட்டேன் என்று ஸ்டெல்லா மிஸ்ஸிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன், அதனால் அதை எழுதவில்லை.

இதை எழுதி முடிக்கும்வரை என் இரண்டு காலும் சிமெண்ட் தரையில்தான் இருந்தன. கதையில் தண்ணீர் வந்த இடத்திலும் குனிந்து பார்த்துக்கொண்டேன். சனிக்கிழமை என்னை அழைக்க வராதே. ஃபாதரை வரவேற்க நீ வாசலில் இருக்க வேண்டும், பெரியப்பாவுக்கு நாற்காலி போட வேண்டும். நான் பஸ்ஸில் வருகிறேன். நடுவில் அந்த ரம்புத்தான் மரத்தடியில் மக்சிக் ஏறிக்கொள்வார், உன் அறைக்கு முதல் விருந்தாளி அவர்தான், நான் அழைத்துவிட்டேன். உன் அப்பா காரில் பின்னால் வந்து ஹார்ன் அடிப்பார், அதை ஒன்றும் செய்ய முடியாது. மாடி ஜன்னலிலிருந்து பார்த்தால் எதிரில் பஸ் நிற்கும் இடம் தெரியும் என்று சொன்னாயே, தம்பி. ஒன்பதரை வாக்கில் அங்கே வந்து நில். பஸ் கதவு திறந்ததும் என் முகத்தைத் தேடாதே. படியைப் பார். முதலில் என் கால்தான் இறங்கும்.

அம்மா